கோர்ட் வராண்டாவில் கிடைத்த ஒறம்பரை

வீட்டில் ஒருவர் ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டால், அழுது முடிப்பதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதங்கள் வந்து நிற்கும். எதில் போடலாம், எதில் போடக் கூடாது என்று சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்காது. எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த அலைச்சலில் ஈரோடு கோர்ட்டில் முன்பின் தெரியாத மூன்று பேர் எனக்குக் கிடைத்தார்கள். இன்றைக்கு வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி தூங்கி எழுகிறேன் என்றால் அதில் பெரும்பங்கு அவர்களுடையது. காகித விஷயத்தையும் மனசு விஷயத்தையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் பெருந்துறை சிப்காட்டில் ஒரு மில்லில் ஃபிட்டர். வயது 41. நான் வீட்டிலிருந்தே பெட்ஷீட் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். பெரியவன் அப்போது ஒன்பதாவது, சின்னவள் ஐந்தாவது. கூடவே மாமியார். 2023 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காங்கயம் பக்கம் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பியவரைச் சரக்கு வேன் ஒன்று பின்னாலிருந்து அடித்தது. ரோட்டோரத் தோட்டத்துக்காரர்கள் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

காலையில் பிணவறைக்கு வெளியே நின்றபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ரொம்பத் தன்மையாகப் பேசினார். "அக்கா, நீங்க ஒண்ணுக்கும் அலைய வேண்டாமுங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். போஸ்ட்மார்ட்டம் சீக்கிரம் முடித்துத் தருவதற்கு என்று 6,000 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுபோக வண்டிக்கு 4,500 ரூபாய். என் தம்பி யாரிடமோ கடன் வாங்கிக் கொடுத்தான். பிறகுதான் தெரிந்தது, அரசு மருத்துவமனையில் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. உடலை வீட்டுக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377-க்கு போன் செய்தால் வரும். இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். யாருக்கும் தேவைப்படக் கூடாது, ஆனால் தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஆள் எங்களிடம் ஆதார் நகல், பைக் ஆர்.சி. நகல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். யாருக்குப் போகிறது என்று கேட்கிற நிலையில் நாங்கள் யாரும் இல்லை. இப்படி ஒரு நேரம் வந்தால், ஒறம்பரையில் கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒருவரை, அழுகை அடங்கி யோசிக்க முடிகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காகிதம், போன், பர்ஸ் மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரைக் கேட்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

எழவு வீட்டில் கூட்டம் கலையாத மூன்றாம் நாள், அதே ஆள் இன்னொருவரோடு வந்தார். வக்கீல் ஆபீஸிலிருந்து என்றார்கள். ஏழெட்டு லட்சம் வாங்கித் தருகிறோம், செலவெல்லாம் எங்களுடையது, வருவதில் நூற்றுக்கு முப்பது கொடுத்தால் போதும் என்றார்கள். சுற்றி இருந்தவர்கள் "நல்ல ஆளுகளாத்தான் தெரியுது, போடு அம்மிணி" என்றார்கள். வக்கீலை நமக்காக வாதாட நியமிக்கிற வக்காலத்தில் போட்டேன், நாலைந்து வெள்ளைத்தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு போன் எடுக்கவே இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது, தையும் மாசியும் போனது. கேட்டால் "கேஸ் போட்டாச்சுங்கக்கா, நம்பர் ஆகணும்" என்ற ஒரே பதில். பங்குனியில் மனசு பொறுக்காமல் பஸ் ஏறி ஈரோடு கோர்ட்டுக்கே போய்விட்டேன். அந்தப் பெயரில் விசாரித்தால் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் காலில் தெம்பு இல்லை.

அப்போதுதான் பவானி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, சோறுண்டீங்களா?" என்றார். அந்த அஞ்சு மாதத்தில் கேஸ் என்ன ஆச்சு, பணம் எப்போ வரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் பதில் சொல்லாமல் அழுதேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினார். பாதி தின்ற பிறகு, "ரோட்டு கேஸுங்களா?" என்றார். அவர் வீட்டுக்காரர் ஜமக்காளம் நெய்தவர், டீ குடிக்கப் போனபோது லாரியில் அடிபட்டவர். எனக்கு நடந்ததைக் கேட்டதும் கையைப் பிடித்து அதே வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

இந்த இடத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். அங்கிருந்த அம்மா என் காகிதங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது விபத்து நடந்த தேதி. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. எனக்குச் சில வாரங்கள்தான் மீதி இருந்தன. மனு எங்குமே போடப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு பேசி வக்கீல் ஃபீஸ் வாங்குவதற்கே பார் கவுன்சில் விதியில் இடமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. எழவு வீட்டுக்கு வந்தவர்களின் வக்கீல் ஆபீஸில் கொடுத்த காகிதங்களைத் திரும்ப வாங்க "இதுவரை ஆன செலவு" என்று 25,000 ரூபாய் கேட்டார்கள். தோடு அடகுக்குப் போனது. அந்தத் தோடு இன்னும் திரும்பவில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் போடாதீர்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கிற எல்லையிலேயே போடலாம்.

வாய்தா என்று போக ஆரம்பித்த பிறகு மற்ற இரண்டு பேரும் பழக்கமானார்கள். ஒருவர் கொடுமுடி பக்கத்து விவசாயி, எழுபதை நெருங்கியவர். மகனும் மருமகளும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள், பேத்தியை அவர்தான் வளர்க்கிறார். நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். மஞ்சப்பையில் ஒரு பழைய டைரி வைத்திருப்பார். எந்த அலுவலகத்தில் யார் என்ன கேட்டார்கள், எந்த நகல் எத்தனை என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார். இன்னொருத்தி கோபியிலிருந்து வருகிற பெண், காலேஜ் முடித்தவள். அப்பா ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் போய்விட்டார், இவள் பிழைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் யாரோடும் பேச மாட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்பா முன்பு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளைக் கேட்டபடி இருப்பாள். "வர்றப்ப பால் வாங்கிட்டு வா கண்ணு" என்பது மாதிரி சாதாரணப் பேச்சுதான். ஒருநாள் அவளாகவே ஒரு பக்கத்து ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

காகித வேலைகளில் எனக்கு ரொம்ப நாள் தின்றது பெயர்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூட வந்தவர்கள் காதில் விழுந்தபடி பெயர் சொல்லியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் ஓர் இனிஷியல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இன்னொன்று, ஆதாரில் வேறொன்று. இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் வாரிசுச் சான்றிதழ் நின்றது, வாரிசுச் சான்றிதழ் வராமல் பேங்க் நின்றது, பி.எஃப். நின்றது. ஆகவே அந்த முதல் நாளே, எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், ஆதார் நகலை ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் காட்டி எழுத்துக்கு எழுத்து சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்ட தரப்புக்கு இலவசமாகத் தர வேண்டும், போலீஸ் இணையதளத்திலும் எடுக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவும் குடியிருக்கிற ஊரில் இல்லை, உயிர் போன இடத்தில். நாங்கள் சென்னிமலையில் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மாமியார் பெயரை விடவே கூடாது. இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு சம வாரிசு. எங்கள் கொழுந்தனாருக்கு நான் மாமியாரை ஒதுக்கிவிடுவேனோ என்று சந்தேகம் இருந்தது. பட்டியலில் முதலில் அவர் பெயரை எழுதிக் காட்டிய பிறகுதான் வீட்டில் பேச்சு வார்த்தை சரியானது.

எங்கள் வீட்டுக்காரருடைய போன் நம்பரை நிறுத்திவிடலாம் என்று தம்பி சொன்னான், அந்த நம்பர் அடிக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை என்பதால். அய்யாதான் தடுத்தார். "ஓ.டி.பி. எல்லாம் அதுக்குத்தான் வருமுங்க அம்மிணி, வேலை முடியற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணிட்டே இருங்க" என்றார். அதே மாதிரி, ஏ.டி.எம். கார்டை வைத்து இருக்கிற பணத்தை எடுத்துவிடு என்று ஒறம்பரையில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். இறந்த பிறகு எடுத்தால் பின்னால் பேங்கில் பதில் சொல்ல வேண்டி வரும். நாமினி இருந்தால் முறைப்படி கேட்டாலே கிடைக்கும். பவானி அக்கா என் பாஸ்புக்கை வாங்கி விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். "இந்த இருபது ரூவா எதுக்குங்க புடிச்சிருக்காங்க?" என்று ஓர் இடத்தில் நிறுத்தினார். அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். எங்கள் வீட்டுக்காரர் எப்போது சேர்ந்தார் என்றே எனக்குத் தெரியாது. 30 நாளுக்குள் மனு கொடுக்கச் சொல்கிறார்கள். நான் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன், பணம் வந்தது. இதேபோல 436 ரூபாய்ப் பிடித்தம் இருந்தால் அது ஆயுள் காப்பீடு, அதுவும் 2 லட்சம். ஏ.டி.எம். கார்டுக்கும் விபத்துக் காப்பீடு இருக்கலாம், ஆனால் விபத்துக்கு முன் குறிப்பிட்ட நாளுக்குள் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது மாதிரி நிபந்தனை இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பி.எஃப். பிடிக்கிற வேலையில் இருந்தவர் என்றால், சேர்ந்திருக்கிற பணம் மட்டும் இல்லை. அதோடு ஒரு காப்பீடு இருக்கிறது, ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். மனைவிக்கு மாத பென்ஷன், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை பென்ஷன் உண்டு. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை கொடுப்பார்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்ததற்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு, தலைமையாசிரியர் மூலம் எழுத வேண்டும். இதைச் சொன்னவர் அய்யா, பேத்திக்கு வாங்கியிருந்தார். இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு எந்த அலுவலகமும் தானாக வந்து சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் நல்லபடியாக இருக்கும்போதே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பி.எஃப். நாமினி, பேங்க் நாமினி யார் என்று பார்த்துவிடுங்கள்.

இழப்பீடு என்ற பேச்சு வந்தாலே எனக்கு உடம்பு கூசும். அவர் உசுருக்கு விலை பேசுகிற மாதிரி இருக்கும். ஒறம்பரையில் சிலர் "எத்தனை வரும்" என்று கேட்கும் விதம் அப்படி. ஒருநாள் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அய்யா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விலை இல்லீங்க அம்மிணி. அவரு இருந்திருந்தா மாசாமாசம் கொண்டாந்து போட்டிருக்கற சோறுங்க அது. புள்ளைகளுக்குச் சேர வேண்டியது" என்றார். பிறகு டைரியைத் திறந்து கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 18,000 சம்பளம் என்றால் வருஷத்துக்கு 2,16,000. வயது நாற்பதுக்கு மேல், நிரந்தர வேலை என்று காட்ட முடியாவிட்டாலும் எதிர்கால உயர்வுக்கு நூற்றுக்கு 25 சேர்ப்பார்கள், 2,70,000. குடும்பத்தில் நாலு பேர் அவரை நம்பி இருந்ததால், அவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிப்பார்கள், 2,02,500. 41 முதல் 45 வயது வரை பெருக்கும் எண் 14. ஆகப் பெருக்கினால் 28,35,000. இறுதிச் சடங்கு, பிரிவுக்கான சிறு தொகைகள் தனி. இது யாரும் மனசுக்குத் தோன்றியபடி சொல்கிற தொகை இல்லை, உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தீர்ப்பில் வகுத்துக் கொடுத்த கணக்கு. என்னிடம் ஏழெட்டு லட்சமே பெரிசு என்று சொல்லியிருந்தார்கள், அதிலும் முப்பது பங்கு அவர்களுக்கு. இந்தக் கணக்கைத் தெரியாமல் ஒருவரும் சமரசத்துக்குத் தலையாட்டக் கூடாது.

கணக்கில் எல்லாம் முதல் எண்ணைப் பொறுத்தது, அதாவது சம்பளம். எங்கள் வீட்டுக்காரருக்குப் பாதி பேங்கிலும் பாதி கையிலும் கொடுத்தார்கள். கையில் கொடுத்ததற்கு ஆதாரம் வாங்க நான் மில் வாசலில் நின்ற நேரம் கொஞ்சமில்லை. கடைசியில் கூட வேலை பார்த்த ஒரு அண்ணன் சாட்சி சொல்ல வந்தார். பவானி அக்கா வீட்டுக்காரருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. ஜமக்காளம் போட்ட சங்கத்தின் கூலிப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். தறி, தோட்டம், கூலி என்று இருப்பவர்கள் இப்படி எந்தப் புத்தகத்தில் பெயர் ஏறியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். கோபிப் பெண்ணின் கேஸில் இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. அவள் சித்தப்பா அன்றைக்கே ரோட்டோர பேக்கரிகளில் கேமரா பதிவு கேட்டு அலைந்து, போலீஸிடம் சொல்லி எடுக்க வைத்ததால்தான் வண்டி கிடைத்தது. அந்தப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும். வண்டி கிடைக்காமலே போனால், இடித்துவிட்டு ஓடிய வழக்குகளுக்கென்று உள்ள திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் மட்டும்தான் கிடைக்கும்.

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முந்தின வாய்தாவில், என்ன கேட்பார்கள் என்று அய்யா முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஹெல்மெட் போட்டிருந்தாரா, லைசென்ஸ் இருந்ததா, கிடாவெட்டுக்குப் போய்விட்டு வந்தாரே, குடித்திருந்தாரா, நீங்கள் மறுமணம் செய்துகொண்டீர்களா. கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கேக்கறது அவங்க வேலைங்க. கோவப்பட வேண்டாம். தெரிஞ்சதைச் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க." அன்றைக்கு நடந்ததும் அப்படித்தான். குடித்திருந்தாரா என்று கேட்டபோது என் கை நடுங்கியது. போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை என்று நான் முன்னாடியே படித்துத் தெரிந்து வைத்திருந்ததால் தெளிவாகப் பதில் சொன்னேன். அந்த அறிக்கையைப் படிப்பது கொடுமை. ஆனால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குக் கோபிப் பெண் படித்துச் சொன்னாள், புரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாள், தேவையில்லாத பாராவைத் தாண்டிப் போனாள். கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்ததும், பவானி அக்கா எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக் கேட்ட விதத்தை அப்படியே செய்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தேன். அந்த மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. ஊரில் நான் இப்படிச் சிரித்திருந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஊரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கருமாதி வரைக்கும் சொந்தபந்தம் தாங்கியது, சோறு ஆக்கிப் போட்டது, ராத்திரி துணைக்குப் படுத்தது. அதற்குப் பிறகு அவரவர் பொழப்பு. ஆனால் எனக்கு வெசனம் அதிகமானதே எல்லாரும் போன பிறகுதான். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே இருப்பேன், நூல் அறுந்தது தெரியாமல் கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும் வரை கண் மூடாது. சீர் செனத்தி, விசேஷம் என்றால் கூப்பிடுவார்கள், ஆனால் பின்வரிசையில் உட்கார்த்தி வைப்பார்கள். இதையெல்லாம் சொன்னால் "உனக்கு ரெண்டு புள்ளைக இருக்குது, தைரியமா இரு" என்பார்கள். அது நல்ல மனசில் சொல்வதுதான். கேட்கிற எனக்குத்தான் அதற்கு மேல் பேச்சு நின்றுபோகும். கோர்ட்டில் சந்தித்தவர்களிடம் நான் எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மணி என்றாலே அவர்களுக்குப் புரிந்தது. கோபிப் பெண்தான், "அக்கா, நான் மாத்திரை சாப்பிடறேன், எனக்குக் குறைஞ்சிருக்கு, நீங்களும் வாங்க" என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் மாதக்கணக்கில் போனால் தாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம்.

போன வருஷம் பவானி அக்கா வீட்டில் கூடியபோது, கோபிப் பெண் லேப்டாப்பில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டாள். ஒரு துக்கத்துக்குப் பிறகு, ஒருவரை ஒருவர் தெரியாத சிலர் ஓர் இடத்தில் சேர்ந்து இருக்க நேர்ந்து, மெல்ல மெல்லத் தேறுகிற கதை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. அக்காவுக்குக் கீழே ஓடுகிற எழுத்து தெரியாது, அதனால் அவள் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு காட்சியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுகிறார்கள், நீளமான காட்சி. என்ன சொல்றாங்க என்று அக்கா கேட்டார். ஒண்ணும் சொல்லலீங்க என்றாள் அவள். "நாம தயிர்ச் சோறு தின்ன மாதிரி" என்று சொல்லி அக்கா முந்தானையை எடுத்தார். இந்த மாதிரிப் படங்களை முன்பு நான் மெதுவாகப் போகிறது என்று மாற்றிவிடுவேன். ஆறுதல் என்பது நடக்கிற வேகமே அதுதான் என்று இப்போது தெரிகிறது. அந்தப் படத்தில் ஒருவரும் இன்னொருவருக்குப் புத்தி சொல்லவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆடி அமாவாசைக்கு நாலு குடும்பமும் கொடுமுடிக்குப் போனோம். மகுடேசுவரர் கோயில் படித்துறையில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. என் மகன் அப்பாவுக்குத் திதி கொடுத்தான், பக்கத்திலேயே அய்யா மகனுக்கும் மருமகளுக்கும் கொடுத்தார். மகனுக்கு அப்பன் கொடுக்கிற கொடுமையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் பையன் தன் இலையை முடித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எள்ளை எடுத்து எடுத்துக் கொடுத்தான். அவன் அதுவரை அப்பாவைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அய்யாவின் பேத்திக்கு, அப்பா சைக்கிள் பழக்கிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு துணை வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அம்மா அழுதுவிடுவாள் என்று அவர்கள் நம்மிடம் பேச மாட்டார்கள். அதே நிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளையிடம் பேசுவார்கள்.

எனக்குத் தீர்ப்பு 2025 கார்த்திகையில் வந்தது. கையில் வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே டைரிக் கணக்கைவிடக் குறைவு, ஆனால் எழவு வீட்டில் சொன்ன தொகையைவிட ரொம்பவே அதிகம். பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை பேங்கில் வைப்பாக இருக்கும், மாமியார் பங்கு அவர் கணக்குக்கே போகும். பணம் நேராக உங்கள் பேங்க் கணக்குக்கு வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், நடுவில் யார் கைக்கும் போக வேண்டியதில்லை. பவானி அக்கா இரண்டு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கிற லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டார். அதில் பணம் சீக்கிரம் வரும், அப்பீல் கிடையாது, இரண்டு பக்கத்துக்கும்தான். அவருக்கு வயதாகிறது, இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று நாங்களும் சொன்னோம். அய்யாவின் வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு அப்பீல் போயிருக்கிறது. தீர்ப்பு வந்து 90 நாள் வரை இப்படிப் போக வாய்ப்பு இருப்பதால், வரப்போகிற பணத்தை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள்.

கோபிப் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது. முதலில் கோர்ட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டவே என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். இப்போது ஸ்கூட்டி ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள், கோபிக்குள் மட்டும். அவளுடைய வாய்தா நாளில் நாங்கள் மூன்று பேரும் போய்விடுவோம். காலை பத்தரை மணியிலிருந்து சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருப்போம். அய்யாவிடம் டைரி இருக்கும், பவானி அக்காவிடம் தூக்குப்போசி இருக்கும். யாருக்காவது எதையாவது கேட்க வேண்டுமென்றால் வந்து உட்காருங்கள்.